மொறுமொறு வெண்டைக்காய்: பாதி வேலை வயலில், மீதி வாணலியில்

வெண்டை பயிரிடும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விடியற்காலையில் பறித்து வந்த காயைத் திண்ணையில் கொட்டித் தரம் பிரிப்பார்கள். விரல் நீளத்தில் பச்சைப்பசேலென்று இருக்கும் காயெல்லாம் சாக்குக்குப் போய்விடும். கோணல், சொத்தை, முந்தின பறிப்பில் கண்ணில் படாமல் தப்பி முற்றிப்போனது இவையெல்லாம் ஒரு கூடையில் ஒதுங்கும். மண்டியில் 'கழிவு' என்று எடை குறைத்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் இவ்வளவு கவனமாக ஒதுக்குகிறார்கள். அன்றைக்கு வீட்டுச் சமையல் அந்தக் கூடையிலிருந்துதான் நடக்கும்.

அந்தக் காயை வறுத்தால் வாயில் நார் தட்டும். வதக்கினால் கொழகொழவென்று கரண்டியோடு இழுக்கும். பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைப்பார்கள். 'எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு வெண்டைக்காயே ஆகாது' என்று அம்மாக்கள் சொல்வதும் இதனால்தான். அதே பிள்ளைகளை டவுனுக்குக் கூட்டிப் போய் ஓட்டலில் உட்கார வைத்தால், மாவு பிரட்டி வறுத்த வெண்டைக்காயைச் சட்னியில் தொட்டுத் தொட்டு ஒரு தட்டைக் காலி செய்துவிடுகிறார்கள். வட இந்தியாவில் 'குர்குரி பிண்டி' என்று சொல்லப்படும் பண்டம் அது. தட்டுக்குக் கொடுக்கும் காசில் மண்டியில் எத்தனை கிலோ வெண்டை போகும் என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரியும்.

ஓட்டல்காரரிடம் மந்திரம் ஒன்றும் கிடையாது. காய் இளசாக இருக்கிறது, ஈரம் இல்லாமல் இருக்கிறது, எண்ணெய் போதிய சூட்டில் இருக்கிறது. அவ்வளவுதான். இதில் முதல் விஷயத்தில் ஓட்டல்காரரைவிட விவசாயியின் கைதான் மேலே. செடியே அவருடையது.

எத்தனை நாள் காய்?

வெண்டை விதைத்த 40 முதல் 45 நாளில் காய்க்குத் தயாராகிவிடும். பூ பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிப்புக்கு வரும். அந்தப் பக்குவம் அதிக நேரம் நிற்பதில்லை. ஒரு நாள் தள்ளினால் காய் நீளும், எடை கூடும். அதற்கு மேலும் தள்ளினால் உள்ளே நார் ஓடத் தொடங்கும், விதை உருண்டுவிடும். வெயில் காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கச் சொல்வது இதற்காகத்தான். எடைக்கு ஆசைப்பட்டு ஒரு பறிப்பைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இரட்டை நட்டம். அந்தக் காய்க்கு விலை குறையும். முற்றிய காய் செடியிலேயே நின்றால் சத்து விதைக்குப் போய், அடுத்தடுத்த பூவும் பிஞ்சும் குறையும்.

இளசு என்று அறிய நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததே. கடைக்காரருக்குத்தான் அது பிடிக்காது. நுனி ஒடிந்த காயை அடுத்தவர் வாங்க மாட்டார். சொந்த வயலில் அந்தக் கவலை இல்லை. 'டக்' என்று ஒடிந்தால் வறுக்கலாம். வளைந்து, நாரோடு தொங்கினால் வேண்டாம். பறிக்கும்போதே காம்பு எளிதாக முறிகிறதா, திருகி இழுக்க வேண்டியிருக்கிறதா என்பதிலும் தெரிந்துவிடும். பறிக்கிறவர்கள், பெரும்பாலும் பெண்கள்தான், கையில் பழைய துணி உறையாவது போட்டுக்கொள்வது நல்லது. வெண்டைச் சுணையால் வரும் அரிப்பைப் பழகிவிட்டது என்று சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ரகத்தைப் பொறுத்தும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா போன்ற ரகங்களும் இப்போதைய வீரிய ஒட்டு ரகங்களும் மெல்லிய, ஐந்து பட்டைக் காய்கள். நீளவாக்கில் சீவ வசதியாக இருக்கும். நாட்டு ரகங்கள் சில நல்ல பருமனாக வரும். அவற்றை வட்டமாக நறுக்கினால் ஓரம் மட்டும் கருகி நடுவில் ஈரம் நிற்கும். நீளவாக்கில் சீவுவதே சரி. சிவப்பு வெண்டை வைத்திருப்பவர்கள் அந்த நிறம் தட்டுக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சூடு பட்டதும் சிவப்பு கலைந்து பச்சையாகிவிடும்.

மருந்து அடித்த காய்

சமையல் கட்டுரையில் பூச்சிமருந்துப் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். வெண்டையில் இதைச் சொல்லாமல் நகர முடியாது.

மற்ற பயிர்களுக்கும் வெண்டைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நெல்லில் மருந்து அடிப்பதற்கும் அறுப்பதற்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி கிடைக்கும். வெண்டையில் பறிப்பு ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒவ்வொரு மருந்து டப்பாவின் லேபிளிலும், கூடவே வரும் துண்டறிக்கையிலும், பயிர்வாரியாக 'காத்திருப்புக் காலம்' என்று போட்டிருக்கும். அடித்த நாளிலிருந்து அத்தனை நாள் கழித்துத்தான் அறுவடை செய்ய வேண்டும். மூன்று நாள், ஐந்து நாள் என்று போட்டிருந்தால், நடுவே வரும் பறிப்பு என்ன ஆகும்? பறிக்காமல் விட்டால் முற்றிவிடும். பறித்து எறிய மனசு வராது. அந்தக் காயும் சாக்கில் ஏறிவிடுகிறது. பல வயல்களில் நடப்பது இதுதான்.

அடித்த மறுநாள் பறித்த காயைக் கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. மேலே படிந்ததில் ஒரு பகுதி கழுவினால் போகும். ஆனால் தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் அடிக்கும் மருந்துகளில் பல, செடிக்குள் ஊடுருவிப் பாயும் வகை. காயின் சதைக்குள் போனதை உப்புத் தண்ணீரோ மஞ்சள் தண்ணீரோ எடுக்காது. எண்ணெயில் பொரித்தால் விஷம் முறிந்துவிடும் என்பதும் தப்பு. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-ம் ஆண்டே தடை வந்துவிட்டது. பழைய பழக்கத்தில் 'கொஞ்சமாக' அடிப்பதற்கும் அங்கே இடமில்லை.

இதற்கு வழி இருக்கிறது. அடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், முதலில் விரல் நீளக் காய், அரை விரல் காய் எல்லாவற்றையும் பறித்துவிட வேண்டும். அதன் பிறகு அன்று மாலை அடிக்க வேண்டும். அப்போது செடியில் மிஞ்சுவது பிஞ்சும் பூவும்தான். வெண்டைக்குப் பரிந்துரை உள்ள மருந்துகளிலேயே காத்திருப்புக் காலம் குறைந்ததைக் கேட்டு வாங்க வேண்டும். லேபிளில் உள்ள முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்றும் பார்க்க வேண்டும். சிவப்புதான் கடும் விஷம், பச்சை குறைவு.

அதற்கும் முன்னால், அடிக்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் நரம்புத் தேமல் நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் ஈயின் நடமாட்டம் ஆரம்பத்திலேயே தெரியும். தேமல் கண்ட செடியை முதல் வாரத்திலேயே பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும். அதற்கு மருந்தில்லை, இரக்கமும் உதவாது. வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்தால் ஈ உள்ளே வருவது குறையும். 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். காய்த்துளைப்பான் தாக்கிய தண்டையும் காயையும் கிள்ளி அழிப்பதும் முக்கியம். சொத்தைக் காயை வரப்பில் வீசினால் புழு அங்கிருந்து திரும்பி வரும்.

சில வீடுகளில் சமையலுக்கென்று கிணற்றடியில் மருந்தடிக்காத ஒரு வரிசை வெண்டை நிற்கிறது. 40 செடி இருந்தால் ஒரு பறிப்புக்கு ஏறக்குறைய அரை கிலோ கிடைக்கும். ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வரிசை ஒன்றையும் சொல்லாமல் சொல்கிறது: மீதி வயல்காயை நம் பிள்ளைக்குக் கொடுக்க நமக்கே மனம் ஒப்பவில்லை. அதை வாங்கிப் போகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 40 செடியை மருந்தில்லாமல் காப்பாற்றத் தெரிந்த கைக்கு, காத்திருப்புக் காலத்தைப் பார்த்து அரை ஏக்கரைப் பறிக்கவும் தெரியும்.

வழவழப்பு எங்கிருந்து வருகிறது?

வெண்டைக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதோடு சேர்ந்திருக்கும் ஒருவகைப் பசைதான் வழவழப்பு. வெல்லம் காய்ச்சுகிற இடங்களில் கருப்பஞ்சாற்றின் அழுக்கைப் பிரித்தெடுக்க வெண்டைத் தண்டை நசுக்கிச் சாறு விடுவார்கள் அல்லவா, அங்கே அழுக்கைப் பிடித்துக்கொண்டு மேலே வருவது இதே பசைதான். தண்ணீர் பட்டால் இது இளகிப் பெருகும். புளிப்பு பட்டால் அடங்கும். நல்ல சூட்டில் தண்ணீர் போய்விட்டால் காய்ந்து போகும்.

சமையலறையில் செய்கிற தப்புகள் எல்லாம் இதை மறப்பதால் வருபவை. காயை நறுக்கிவிட்டுக் கழுவுவது முதல் தப்பு. முழுக்காயாகக் கழுவி, துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்து, முறத்தில் பரப்பி நிழலில் அரைமணி நேரம் உலர விட வேண்டும். கத்தியும் பலகையும் கையும்கூட ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அடுத்த தப்பு, நறுக்கியதும் உப்பைத் தூவி ஊறவைப்பது. உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். பத்து நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் பசைத் தண்ணீர் நிற்கும். பிறகு எவ்வளவு மாவு போட்டாலும் பஜ்ஜி போல ஆகுமே தவிர மொறுமொறுப்பு வராது.

வறுக்கும் முறை

தேவையானவை: இளம் வெண்டைக்காய் அரை கிலோ, கடலை மாவு 4 மேசைக்கரண்டி, பச்சரிசி மாவு 3 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, ஓமம் அல்லது இடித்த சோம்பு அரை தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை, எலுமிச்சை அரை மூடி, உப்பு முக்கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு ஆர்க்கு, பொரிக்க எண்ணெய் அரை லிட்டர்.

காம்பையும் நுனியையும் நீக்கி, இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் நான்காகச் சீவவும். காய் சற்று பருத்திருந்தால் நடுவிலுள்ள விதையைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிடலாம். இளங்காயில் அந்த வேலை வேண்டாம், விதையும் பொரிந்து நன்றாகவே இருக்கும். இரண்டு மாவையும் தூள்களையும் உப்பில்லாமல் தனியே கலந்துகொள்ளவும். கடலை மாவு காயோடு ஒட்டிப் பிடிக்கும். அரிசி மாவுதான் மொறுமொறுப்பைக் கொடுக்கும். கடலை மாவு மட்டும் போட்டால் வறுத்த சூட்டில் நன்றாக இருந்து, ஆறியதும் தொய்ந்துவிடும். அரிசி மாவு மட்டும் போட்டால் பாதி மாவு எண்ணெயில் உதிர்ந்து அடியில் கருகும். சிலர் சோளமாவு ஒரு கரண்டி சேர்க்கிறார்கள். அதற்கென்று கடைக்கு ஓட வேண்டியதில்லை.

அடுப்பில் எண்ணெயை வைத்த பிறகுதான் காயையும் மாவையும் சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றைக் காயின் மேல் தெளித்துக் குலுக்கவும். அந்த ஈரமும் காயின் சொந்தப் பசையும் சேர்ந்து மாவைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வேண்டாம். மாவைத் தூவி, விரல் நுனியால் பிரட்டவும், பிசையக்கூடாது. உப்பு கடைசியாக. அதுவும் வாணலியில் போடப் போகும் பங்குக்கு மட்டும்.

ஒரு துண்டைப் போட்டுப் பார்த்தால் எண்ணெயின் சூடு தெரியும். அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் சூடு போதாது. சுற்றிலும் நுரைத்துக்கொண்டு உடனே மேலே வந்தால் சரி. போட்ட மாத்திரத்தில் கறுத்தால் தீயைக் குறைக்க வேண்டும். ஒரு கைப்பிடி அளவே போடவும். வேலை முடியட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் எண்ணெய் ஆறிப்போய், காய் பொரியாமல் எண்ணெயிலேயே வேகும். அப்படி வெந்த காய்தான் எண்ணெயைக் குடிக்கும். விறகடுப்பாக இருந்தால் தீ ஒரே சீராக நிற்கும்படி சன்ன விறகாக வைக்கவும்.

எப்போது எடுப்பது என்பதை நிறத்தைவிடக் காது நன்றாகச் சொல்லும். காயிலிருந்து தண்ணீர் வெளியேறும் வரை எண்ணெய் சடசடவென்று கத்தும். அது அடங்கி, கரண்டியால் கிளறும்போது துண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் 'சலசல' என்று ஒலித்தால் எடுத்துவிடலாம். எடுத்ததைக் கிண்ணத்தில் குவிக்கக்கூடாது. அதன் ஆவியே அதைத் தொய்ய வைத்துவிடும். கம்பி வலைத்தட்டிலோ தாள் விரித்த முறத்திலோ பரப்பவும். எல்லாம் பொரித்து முடித்ததும் கறிவேப்பிலையையும், இருந்தால் ஒரு கைப்பிடி வேர்க்கடலையையும் பொரித்து மேலே தூவவும். விருந்தாளி வரும் நாளில் முக்கால் பதத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, இலை போடும் நேரத்தில் ஒரு நிமிடம் மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்தால் கலகலவென்று இருக்கும்.

அரை கிலோ காய் வறுத்தால் தட்டில் பாதிகூட நிற்காது. தண்ணீர் போன கணக்கு அது.

எண்ணெயை ஆறவைத்து, அடியில் தங்கிய மாவை வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்கும் வதக்கலுக்கும் தீர்த்துவிடவும். கறுத்து, பிசுபிசுத்து, சூடாகும் முன்பே புகைகிற எண்ணெய் எதற்கும் ஆகாது.

தொட்டுக்கொள்ள

தக்காளி சாஸ் பாட்டில் வாங்காமலே வேலை நடக்கும். ஒரு டம்ளர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து வெண்ணெய் போல நிற்கும். ஒரு கைப்பிடி புதினா, அதில் பாதி கொத்தமல்லி, இரண்டு பச்சை மிளகாய், சுண்டுவிரல் நகம் அளவு இஞ்சி, உப்பு எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் அரைத்து, கட்டிய தயிரில் கரண்டியால் கலக்கவும். தயிரையும் சேர்த்து மிக்ஸியில் ஓட்டினால் நீர்த்துவிடும். வறுத்துப் பொடித்த சீரகம் மேலே ஒரு சிட்டிகை. துணியிலிருந்து வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்தில் சேர்க்கலாம்.

தயிர் ஆகாதவர்களுக்குப் புளி வெல்லச் சட்னி. எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, 100 கிராம் வெல்லம், அரை தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி சுக்குப்பொடி, உப்பு சேர்த்து, கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வரை கொதிக்கவிட்டால் ஆயிற்று. பிள்ளைகளுக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது. இரண்டையுமே தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். மேலே ஊற்றிக் கொடுத்தால் இவ்வளவு நேரம் ஈரத்தோடு போராடியதற்கு அர்த்தமில்லை.

விலை விழும் நாளில்

மண்டியில் பறிகூலிக்குக்கூட விலை கட்டாத நாட்கள் வெண்டையில் அடிக்கடி வரும். அந்த நாளில் காயை வறுத்து விற்றால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மாலை நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், கண்ணெதிரே பொரித்துக் கொடுப்பதாக இருந்தால் செய்யலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். ஒரே எண்ணெயை நாள்கணக்கில் ஓட்டக்கூடாது. பாக்கெட் போட்டுக் கடைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். வீட்டு முறையில் வறுத்த வெண்டை சில மணி நேரத்தில் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். சில நாளில் சிக்கு வாடையும் வரும்.

மிஞ்சிய காய்க்கு நம் ஊர் வழி வற்றல்தான். இளங்காயை அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்து, பகலில் பிழிந்தெடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். மாலையில் மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றும் வரை இப்படிச் செய்து, பிறகு கையில் எடுத்தால் கல் போலக் கலகலக்கும் வரை காய வேண்டும். புளிப்பு பசையை அடக்கிவிடுவதால் வற்றல் ஒட்டாமல் உதிரி உதிரியாக வரும். மூடி இறுக்கமான டப்பாவில் ஆண்டு முழுக்க நிற்கும். சித்திரை வெயிலில் போட்டதை ஐப்பசி அடைமழையில், வெண்டை கிலோ விலை ஏறிக் கிடக்கும்போது, நாலு வில்லை எண்ணெயில் போட்டால் பூப்போலப் பொரியும். அதற்கு மாவும் வேண்டாம், கூடுதல் உப்பும் வேண்டாம்.